ஒரு லிட்டர் பயணி

சேன்ட் தெனியிலிருந்து பாரிஸுக்கு
ஒன்பதாயிரத்து முந்நூற்றைம்பது கிலோமீட்டர்,
பதினோரு மணி நேரம்.
செவிலி ஒதில் கைப்பேசியைப் பார்த்துச் சொன்னாள்.
எனக்குக் கிலோமீட்டர் என்றால் பேருந்துதான்.
சேன்ட் தெனி, சேன்ட் பியேர்: எண்பத்தைந்து.
ஆக, நூற்றுப்பத்து நடை.
நாளுக்கு நாலு நடை ஓட்டுகிறவன் நான்;
ஞாயிறுகளையும் சேர்த்து ஒரு மாதத்துக் கணக்கு.

இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன்.
கூட்டிப் பார்த்தால்
நிலாவுக்கு இரண்டு தடவை போய்த் திரும்பியாயிற்று,
தீவைத் தாண்டி ஓரடி வைக்காமல்.

இன்று காலை
என் இடுப்பெலும்பிலிருந்து ஒரு லிட்டர் எடுத்தார்கள்.
மஜ்ஜை. பார்க்க ரத்தம் மாதிரிதானாம்,
கொஞ்சம் கெட்டி, மேலே எண்ணெய் மினுக்கம்.
யாருக்கென்று சொல்ல மாட்டார்கள்.
ஆணா பெண்ணா, குழந்தையா, எந்த ஊர்,
ஒன்றும் கேட்கக் கூடாது.
பாரிஸ் வரைதான் எனக்குத் தெரியும்.
அங்கிருந்து வேறு விமானமோ, வேறு வண்டியோ.

மாலையில் ஒரு பெண் வந்து
நீலப் பெட்டியில் வாங்கிக்கொண்டு போனாள்.
சரக்கோடு போடமாட்டாளாம்.
எக்ஸ்ரேயில் விடமாட்டாளாம்.
பதினோரு மணி நேரமும் காலடியில்,
தூங்காமல்,
மணிக்கொரு தரம் குளிர் எத்தனை என்று பார்த்துக்கொண்டு.
எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும்.
கரையோரச் சாலையில் பாறை விழுந்தால்
நானே மூன்று மணி நேரம் நிற்பேன்.
ஆகாயத்தில் பாறை இல்லை என்றாள் ஒதில்.

இரவு ஒன்பது.
பெல்பியேர் ஆஸ்பத்திரி ஜன்னலில்
ஒரு விளக்கு எழும்பி, கடல் பக்கம் சாய்ந்து, போயிற்று.
குப்புறப் படுத்தபடி பார்த்தேன்,
மல்லாந்தால் வலிக்கிறது.

பத்தரை: மடகாஸ்கர்.
ஒரு மணி: கென்யாவோ என்னவோ.
மூன்றரைக்குப் பாலைவனம்.
எழுந்து தண்ணீர் குடித்தேன்,
அதற்கும் சேர்த்துக் குடிப்பதுபோல.

ஒன்பது வருடத்துக்கு முன்
இதே இரவு விமானத்துக்கு டிக்கெட் இருந்தது.
தம்பி தியெரிக்கு மார்செயில் கல்யாணம்.
புது சூட், மோதிரம் என் பையில்.
வாசல் எண் நாலு வரைக்கும் போனேன்.
கண்ணாடிக்கு வெளியே அது நின்றது,
இறக்கை அத்தனை மெல்லிசாக.
கழிப்பறைக்கு என்று சொல்லிவிட்டு
டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.
மோதிரத்தைத் தபாலில் அனுப்பினேன்.
அதற்குப் பிறகு தியெரி பேசவில்லை.
நானும் எந்த முகத்தோடு.

ஏழு இருபது.
ஒதிலின் வரைபடத்தில் கோடு
மார்செயின் ஓரமாகப் போகிறது.
அங்கே ஐந்து இருபது,
ரொட்டிக் கடையில் அவன் அடுப்பு பற்றியிருக்கும் நேரம்.
பதினாலாயிரம் கிலோமீட்டர் யோசித்துவிட்டு
ஒரு வரி அனுப்பினேன்:
"இப்போது உன் தலைக்கு மேலே போகிறேன்."

அனுப்பியதும் வெட்கமாயிற்று.
குடித்திருக்கிறான் என்று நினைப்பான்.
இல்லாவிட்டால் பார்க்கவே மாட்டான்,
கையெல்லாம் மாவு.

எட்டு மணி. இறங்கியிருக்கும்.
பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்
யாரோ ஒருவரை நோக்கி வேகமாக நடந்திருப்பாள்.
ஒதில் கட்டுப் பிரித்து, நல்ல காயம் என்றாள்.
காயத்தில் என்ன நல்லது என்று கேட்க வாயெடுத்தேன்,
மெத்தையில் கைப்பேசி அதிர்ந்தது.

தியெரி.
"எந்த முனையம்?
ஆறு மணி ரயில் இருக்கிறது.
மூன்று மணி நேரம் உட்கார்ந்திரு, ஃபப்ரீஸ்,
எங்கேயும் போய்விடாதே."

ஆறு மணி அங்கே.
இங்கே எட்டு.
ஒதில், ஒதில், என்றேன்,
இதற்கு என்ன பதில் போட?